வேர் பிடிக்கும்வரை வெட்டவேண்டாம்: பலெர்மோப் பல்கணிகளில் ஸ்ரோபெரி

பலெர்மோ நகரின் பலரோச் சந்தைக்குப் பின்புறமாகச் செல்லும் ஒடுங்கிய தெருவொன்றில், மூன்றாம் மாடியில் வாழும் எமது குடும்பமொன்றின் பல்கணி அது. கறிவேப்பிலையும் துளசியும் பச்சைமிளகாயும் பூச்சாடிகளில் வரிசையாக நிற்க, அவற்றின் ஓரத்தில் ஒரு ஸ்ரோபெரிச் சாடியும் இருந்தது. வீட்டுக்கார அக்கா வேலைக்குப் போகும் வீட்டின் சிஞ்ஞோரா, உயிர்த்த ஞாயிறன்று அன்பளிப்பாகக் கொடுத்த செடி. வைகாசி வரை கிண்ணம் கிண்ணமாகப் பழம் தந்த அச்செடி, ஆனி பிறந்ததும் பழத்தை நிறுத்திவிட்டுச் சாடியின் விளிம்பைத் தாண்டி நீளமான, செம்மை படர்ந்த நூல்களைத் தொங்கவிடத் தொடங்கியிருந்தது. நான் சென்ற மாலையில் அக்கா கையில் கத்தரிக்கோலுடன் நின்றார்.

“மாஸ்ரர், காய்க்கிறதை விட்டிட்டு இது வால் வளர்க்குது. வெட்டிவிடட்டோ?”

“வெட்டாதையுங்கோ அக்கா. உதுதான் வாற வருசத்துக் கன்று.”

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அந்தக் கோடையிலே அப்பல்கணியில் நாம் செய்தவற்றையும், செய்யத் தவறியவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். தோட்டக் காணி இல்லாதவர்களுக்கும், மாடிக் குடியிருப்பில் ஒரு சாண் வெயில் மட்டுமே உள்ளவர்களுக்கும் இது பயன்படும்.

எமக்குப் பழக்கமான வித்தைதான்

அக்கா வால் என்று சொன்னதை எமது பள்ளிப் பாடப்புத்தகங்கள் ‘ஓடி’ என்று அழைத்தன. ஓடுதண்டு என்பாரும் உளர். இத்தாலியர் ‘ஸ்ரொலோனே’ என்பர். செடியின் நடுக்குருத்திலிருந்து புறப்பட்டு, நிலத்தின்மேல் படர்ந்து, கணுவிலே வேரும் இலையும் விட்டுப் புதுச் செடியாகும் தண்டு அது. ஊரில் கிணற்றடி ஈரத்தில் வல்லாரை பரவுவதும், எத்தனை தரம் கொத்திக் களைந்தாலும் அறுகு மீண்டும் முளைத்து வருவதும் இவ்வழியால்தான்.

மணமக்களை ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்றி வாழ்க என்று எமது பெரியோர் வாழ்த்துவர். விதையை நம்பியிராமல் தன் உடலையே நீட்டிப் புதிய நிலத்தில் ஊன்றிக்கொள்ளும் இரு தாவரங்களை அவ்வாழ்த்து இணைத்திருக்கின்றது. ஆல் விழுதை இறக்குகின்றது. அறுகு தண்டை ஓடவிடுகின்றது. பலெர்மோவில் பியாட்சா மரீனாவின் கரிபால்டி தோட்டத்தில் நிற்கும் மாபெரும் மரத்தைக் கண்டு, இங்கே ஆலமரம் எப்படி வந்தது என்று வியக்காத தமிழர் இல்லை. அது எமது ஆலுக்கு உறவான அவுஸ்திரேலிய இனம். 1795ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்நகரின் தாவரவியற் பூங்காவுக்கு 1845இல் கொண்டுவரப்பட்டது. அங்கே அதன் விழுதுகள் தூண்களாகி நிற்கின்றன. ஸ்ரோபெரி சிறிய செடிதான். ஆயினும் அதுவும் அந்த வாழ்த்தின் குடும்பத்தைச் சேர்ந்ததே.

பகல் நீண்டால் ஓடி, குறுகினால் பூ

செடி காய்ப்பை நிறுத்தியதற்குக் காரணம் நோயல்ல. வழமையான ஸ்ரோபெரி இனங்கள் பகல் குறுகிக் குளிர் படியும் காலத்தில் பூமொட்டைக் கட்டுகின்றன. பகல் நீண்டு வெப்பம் ஏறும் காலத்தில் ஓடி விடுகின்றன. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றே அதிகம். பலெர்மோவிலோ அது ஐந்து மணித்தியாலத்தைத் தாண்டும். ஊரில் நாம் கவனியாத இந்தப் பகற்கணக்கை இச்செடி நாள்தோறும் அளந்துகொண்டிருக்கின்றது.

இலங்கையில் ஸ்ரோபெரி நுவரெலியாக் குளிரில் விளைகின்றது. தமிழ்நாட்டில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விளைகின்றது. சிசிலியில் மர்சாலாப் பகுதியின் பிளாஸ்ரிக் கூடாரங்களிலும், எட்னா எரிமலைச் சாரலில் உள்ள மலெத்தோ என்னும் ஊரிலும் பெருமளவில் பயிராகின்றது. மலெத்தோவில் ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில் ஸ்ரோபெரித் திருவிழாவே உண்டு. எல்லா மாதமும் காய்க்கும் இனங்கள் சிலவும் உள்ளன. அவை ஓடி விடுவது குறைவு. ஆகவே கன்று பெருக்க விரும்புவோர் ஒருமுறை காய்க்கும் இனத்தைத் தேர்வதே நன்று.

செய்முறை

முதலில் தாயைத் தெரிவுசெய்யவேண்டும். ஓடியில் பிறக்கும் கன்று, விதையில் பிறக்கும் பிள்ளையைப் போன்றதன்று. அது தாயின் உடலே. தாயின் இனிப்பு எதுவோ அதுவே கன்றுக்கும். அதேபோலத் தாயின் நோயும் தப்பாமல் வந்துசேரும். ஸ்ரோபெரியைப் பிடிக்கும் வைரசுகளை, இலையின் அடிப்புறத்தில் கூட்டமாக ஒட்டியிருந்து சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகள் செடிக்குச் செடி காவுகின்றன. ஒருமுறை உட்புகுந்த வைரசுக்கு வீட்டில் மருந்தில்லை. இலை சுருண்டு, மஞ்சள் படர்ந்து, ஆண்டுக்காண்டு குறுகிவரும் செடி எவ்வளவு பாசத்துக்குரியவர் தந்ததாயினும் அதிலிருந்து கன்று எடுக்கலாகாது. நன்கு காய்த்த, இலை விரிந்த, இரண்டு வயதுக்கு மேற்படாத செடியே தாயாகத் தக்கது.

இரண்டாவது, எண்ணிக்கை. நல்ல தாய் ஒரு கோடையில் பல ஓடிகளை விடும். அத்தனையையும் வளரவிட்டால் தாயும் மெலியும், கன்றுகளும் சோரும். ஒரு செடிக்கு நான்கு அல்லது ஐந்து ஓடி போதும். ஓடியின் முதற்கணு பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். இரண்டாம் கணுவில்தான் முதற்கன்று பிறக்கும். அதற்கப்பாலும் தண்டு ஓடி அடுத்த கன்றை விடும். தாய்க்கு அண்மையிலுள்ள முதற்கன்றே வலிமை மிக்கது. அதை வைத்துக்கொண்டு, அதற்கு அப்பால் நீளும் நுனியைக் கிள்ளிவிடவேண்டும்.

மூன்றாவது, ஊன்றுதல். கன்றின் அடியில் சிறு பருக்கள்போல வேர்முளைகள் தென்படும். ஒன்பது சென்ரிமீற்றர் அகலமான சிறு சாடி, அல்லது அடியில் துளையிட்ட யோகட் கோப்பை எடுத்து, கடையில் ‘தெரிச்சோ’ என்று விற்கும் பூச்சாடி மண்ணை நிரப்பித் தாய்ச்சாடியின் அருகே வைக்கவேண்டும். கன்றை மண்ணின்மேல் இருத்தி, வளைத்த கம்பியாலோ கொண்டை ஊசியாலோ தண்டை அசையாமல் குத்திவிடவேண்டும். இலைகள் புறப்படும் நடுக்குருத்தை மண்ணுக்குள் புதைக்கலாகாது; புதைத்தால் அழுகிவிடும். தாயோடு இணைக்கும் தண்டை இப்போது தொடவே கூடாது.

நான்காவது, நீரும் நிழலும். பலெர்மோவின் ஆடி வெயிலும், ஆபிரிக்கப் பக்கமிருந்து வீசும் சிரொக்கோக் காற்றும் ஒரே பிற்பகலில் ஒரு சாடியை உலர்த்திவிட வல்லவை. காலை வெயில் மட்டும் படும் இடத்துக்குச் சாடிகளை நகர்த்துங்கள். அக்கா வீட்டில் அதற்கு இடமில்லை. ஆகவே பதினொரு மணியிலிருந்து நான்கு மணிவரை பழைய சாரமொன்றைக் கொடியில் விரித்து நிழல் செய்தோம். 2024இன் வறட்சியில் இந்நகருக்கு நீர் முறைவைத்து வழங்கப்பட்டதை யாவரும் அறிவர். உப்பிடாத அரிசி கழுவிய நீரும், மரக்கறி அலசிய நீரும் இச்செடிகளுக்குத் தாராளமாகப் போதும்.

எப்போது வெட்டுவது?

வேர் ஊன்ற நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். பலெர்மோத் தமிழருக்கு நாட்காட்டி பார்க்காமலே நினைவிருக்கக்கூடிய இரு நாட்கள் உண்டு. 1624ஆம் ஆண்டின் கொள்ளைநோயிலிருந்து இந்நகரைக் காத்தவராகப் போற்றப்படும் சாந்தா ரொசாலியாவின் பெருவிழா ஊர்வலம் ஜூலை 14 இரவு. அவரது திருநாள் செப்ரெம்பர் 4. அந்நாட்களில் எம்மவர், கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவரும், மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறிச் செல்வதை இவ்வூரார் நன்கறிவர். ஊர்வலத்துக்கு முன் ஊன்றுங்கள்; மலையேறி வந்தபின் வெட்டுங்கள். இடையில் ஏழு வாரம் கிடைக்கும். கோடையின் கொடுமைக்கு ஈடுகொடுக்க அந்த மேலதிக நாட்கள் தேவை.

இந்தப் பொறுமையை நான் எனது தவறினாலேயே கற்றேன். முதல் ஆண்டு, நண்பரொருவர் ஜேர்மனிக்குப் புறப்படுகின்றார் என்பதற்காக, ஊன்றி இரண்டு வாரமே ஆன கன்றுகளை வெட்டி எடுத்தேன். மேலே மூன்று இலை பச்சைப் பசேலென்று நின்றது. கீழே என்ன இருக்கின்றது என்று பார்க்கவில்லை. நான்கு கன்றுகளும் நான்கு நாளில் சருகாயின. இலையைக் கண்டு ஏமாறக்கூடாது. அந்த இலை தாய் அனுப்பிய நீரில் விரிந்தது. கன்றை மெதுவாக மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். மண்ணைப் பற்றிக்கொண்டு எதிர்த்தால், கோப்பையின் துளைவழியே வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால், அதன்பின் வெட்டலாம். வெட்டிய பின்னும் ஒரு வாரம் நிழலில் வைத்துப் பின்னரே இடம்மாற்றவேண்டும்.

வெட்டாமலே விடுவதும் தவறே. வேரூன்றிய கன்று தாயோடு ஒட்டியபடியே அடுத்த தண்டை விட, ஒரே சாடியில் எல்லாம் பின்னி நெருங்கினால், மறுபருவத்தில் இலை மட்டுமே மிஞ்சும். மூன்று, நான்கு ஆண்டுகளில் தாய்ச்செடி தளர்ந்துவிடும். அதற்குள் கன்றுகள் தனித்து நிற்கவேண்டும்.

மிளகாய்ச் சாடி வேண்டாம்

ஒக்ரோபரில் கன்றுகளைப் பெரிய சாடிக்கு மாற்றலாம். ஒரு சாடிக்கு ஒன்று. நீண்ட பெட்டியாயின் முப்பது சென்ரிமீற்றர் இடைவெளி. எம்மவர் பல்கணிகளில் இங்கேதான் ஒரு பிழை நேர்கின்றது. கோடை முடிந்து மிளகாய்ச் செடியைப் பிடுங்கியதும், வெறுஞ்சாடி இருக்கின்றதே என்று அதே மண்ணில் ஸ்ரோபெரியை நடுகின்றார்கள். மிளகாய், தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் வேரைத் தாக்கும் வாடல்நோய்ப் பூஞ்சணம் மண்ணில் பல்லாண்டு தங்கியிருந்து ஸ்ரோபெரியையும் தாக்கும். மண்ணை மாற்றி, சாடியைக் கழுவிய பின்னரே நடவேண்டும்.

இன்னுமொரு எச்சரிக்கை. இன்று கடைகளில் விற்கப்படும் பல இனங்கள் அவற்றை உருவாக்கியோரின் உரிமைக்கு உட்பட்டவை. வீட்டுத் தேவைக்குக் கன்று பெருக்குவதில் தடையில்லை. உரிமையுள்ள இனத்தைப் பெருக்கிச் சந்தையில் விற்பது சட்டப்படி குற்றமாகும். அனுமதிப் பத்திரத்துக்காகக் காத்திருப்போர் இவ்விடயத்தில் விளையாடவேண்டாம்.

மூன்றாம் நாட்டில் பிறந்த பழம்

ஸ்ரோபெரி ஐரோப்பாவின் சொந்தப் பழம் என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். காட்டில் விளையும் சிறிய இனம் ஐரோப்பாவுக்கு உரியதுதான். சந்தையில் நாம் வாங்கும் பெரிய பழத்தின் வரலாறு வேறு.

1712ஆம் ஆண்டு, பிரெஞ்சு அரசு அமெதே பிரான்சுவா பிரெசியே என்ற படைப் பொறியியலாளரைத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஸ்பானியரின் கோட்டைகளை ஒற்றறிவதே அவரது பணி. வணிகர் வேடத்தில் சென்றார். சிலி நாட்டின் கொன்செப்சியோன் பகுதியில், அந்நாட்டுப் பழங்குடி மக்கள் பயிரிட்டுவந்த பெரும்பழ ஸ்ரோபெரியைக் கண்டு, செடிகளைச் சேகரித்துக் கப்பலேற்றினார். பல மாதக் கடற்பயணம், நன்னீருக்கோ பெருந்தட்டுப்பாடு. 1714இல் மார்செய் துறைமுகத்தை வந்தடைந்தபோது உயிரோடிருந்தவை ஐந்தே செடிகள். செடிகளுக்கு நீர் தந்துதவிய கப்பற் சரக்குப் பொறுப்பாளருக்கு அவற்றில் இரண்டைக் கொடுத்தார்.

பிரான்சில் அச்செடிகள் ஓடி விட்டுப் பெருகின, ஆனால் காய்க்கவில்லை. பழம் தந்த செடிகளையே பார்த்துத் தெரிந்தெடுத்ததால், அவர் கொண்டுவந்தவை யாவும் பெண் செடிகளாக அமைந்துவிட்டன. மகரந்தம் தர எதுவும் இல்லை. முன்னொரு நூற்றாண்டில் வட அமெரிக்காவிலிருந்து வந்து ஐரோப்பியத் தோட்டங்களில் குடியேறியிருந்த வேறோர் இனத்தின் அருகே நடப்பட்ட பின்னரே அவை காய்த்தன. பிரான்சின் பிரித்தானி மாகாணக் குடியானவர்கள் இவ்வுண்மையை அனுபவத்தால் கண்டுகொண்டார்கள். இரண்டு இனங்களுக்கும் எட்டுத் தொகுதி நிறமூர்த்தங்கள் இருந்தமையால் கலப்பு எளிதாயிற்று. அவ்வாறு தோன்றிய புதிய பழம் இவ்விரண்டின் கலப்பே என்று 1766இல் எழுதியவர், அப்போது இருபது வயதைக்கூட எட்டாத அந்துவான் நிக்கொலா துஷேன் என்ற பிரெஞ்சு இளைஞர். வட அமெரிக்காவிலிருந்து ஒன்றும் தென் அமெரிக்காவிலிருந்து ஒன்றுமாக வந்து, இரண்டுக்கும் அந்நியமான மூன்றாம் நாட்டில் சந்தித்த செடிகளின் பிள்ளையே இன்று உலகெங்கும் விற்கப்படும் ஸ்ரோபெரி.

சிசிலியின் காட்டு இனத்துக்கும் ஒரு பயணக்கதை உண்டு. அக்ரிஜெந்தோ மாகாணத்தின் ரிபேரா ஊரில் விளையும் மணம் மிக்க சிறு ஸ்ரோபெரி, முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் வடக்கே அல்ப்ஸ் மலைப்பகுதியிலிருந்து கொண்டுவந்தது என்று அவ்வூரார் சொல்வர். போர்முனையிலிருந்து உயிரோடு திரும்பிய மனிதன் தன் ஊருக்குக் கொண்டுவரத் தெரிந்தெடுத்த பொருள் ஒரு நாற்று.

முதற்பூவைக் கிள்ளுங்கள்

இறுதியாக ஒரு விதி. ஒக்ரோபரில் நட்ட கன்று சில வேளைகளில் குளிருக்கு முன்பே ஒன்றிரண்டு பூக்களைக் காட்டும். அவற்றைக் கிள்ளிவிடவேண்டும். வேர் பரவமுன் காய்க்கவிட்டால் ஒரு சிறு பழம் கிடைக்கும். செடி மெலிந்து, வசந்தத்தின் விளைச்சல் குன்றிப்போகும்.

இவ்விதியை அக்காவின் பல்கணியில் நான் சொன்னபோது அங்கே இளைஞரொருவரும் இருந்தார். மன்னார்ப் பக்கம், வந்து ஒன்பது மாதம், தஞ்ச விண்ணப்பத்தின் முடிவு இன்னும் வரவில்லை. நால்வரோடு ஓர் அறையில் இருந்துகொண்டு, கிடைத்த நாட்களில் பாத்திரம் கழுவச் செல்பவர். கனடாவிலுள்ள தமக்கை அனுப்பும் பணத்தில்தான் வாடகை கட்டுகின்றார். அதைச் சொல்ல அவருக்கு வெட்கம்.

“ஊருக்கு இன்னும் ஒண்டும் அனுப்பேல்லை, சேர். அம்மா கேக்கிறேல்லை. கேக்காம இருக்கிறதுதான் கூடக் கஷ்டமாக் கிடக்கு. அக்கான்ரை காசு வேண்டாமெண்டு சொல்லுவமெண்டு யோசிக்கிறன்.”

நான் விடை சொல்லுமுன் வீட்டுக்கார அக்கா சொன்னார். 1990இல் மார்த்தெல்லிச் சட்டத்தின்கீழ் அனுமதிப் பத்திரம் பெற்றவர்களுள் அவரது கணவரும் ஒருவர். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகள் தமையனின் உதவியில்தான் அவர் இந்நகரில் வாழ்ந்தார். ஆயினும் வந்த மூன்றாம் மாதமே கடன்பட்டு ஊருக்குப் பணம் அனுப்பினார். அக்கடனின் வட்டியைத் தீர்க்க நான்கு ஆண்டு சென்றது. “அவர் மொழி படிக்கவேண்டிய காலம் அது, தம்பி. இண்டைக்கும் அவருக்கு ஒரு கடிதம் வந்தா மகள்தான் வாசிச்சுச் சொல்லவேணும். நீர் முதல் பள்ளிக்கூடம் போம். கொக்காவுக்குப் பிறகு திருப்பிக் குடுக்கலாம்.”

எம்மிடையே பேசப்படாத துயரங்களுள் இதுவும் ஒன்று. வந்திறங்கிய மாதத்திலிருந்தே முகவரின் கடனுக்கும், தங்கையின் சீதனத்துக்கும், வீட்டுக் கூரைக்கும் விடை சொல்லவேண்டியவனாக நாம் ஒரு பிள்ளையை ஆக்கிவிடுகின்றோம். ஊரிலுள்ளோரின் தேவை பொய்யன்று. அதை மறுக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஆயினும் வேரில்லாத கன்றிடம் முதல் மாதமே பழம் கேட்டால் அந்தப் பழமும் சிறுக்கும், மறு ஆண்டின் பழமும் இல்லாமற்போகும். முந்தி வந்தவர்கள் பிந்தி வந்தவர்களுக்குச் சில மாதம் நீர் கொடுப்பதும், ஊரிலுள்ளவர்கள் ஓராண்டு பொறுப்பதும் தருமமன்று, கணக்கு.

செப்ரெம்பரில் மலையேறி வந்த மறுநாள் அக்கா ஐந்து கன்றுகளையும் தம் கையாலேயே வெட்டினார். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்த பின்னரே கத்தரிக்கோலை வைத்தார். ஒன்று இழுத்தவுடன் கையோடு வந்துவிட்டது. அதைத் திரும்பவும் ஊன்றி, கொண்டை ஊசியைக் குத்தி, “இது இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும்” என்றார். மற்ற நான்கில் இரண்டு அந்த இளைஞரின் அறை யன்னலுக்குப் போயின. கார்த்திகையில் அவரைக் கண்டபோது ஒரு செடி பூத்ததென்றும், கிள்ளிவிட்டதாகவும் சொன்னார். மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டாராம். தமக்கையின் பணம் இன்னும் வருகின்றதா என்று நான் கேட்கவில்லை.